உள்ளே பாதி காலி, வெளியே நூறு வீதம்: திருகோணமலைக் கடையொன்றில் தின் பூல் நிரம்பிய கதை

கடந்த மார்கழியில் ஒரு நாள், காலை ஆறே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"தம்பி, பில் அடிக்கேலாமக் கிடக்கு. ஸ்கிரீன் அப்பிடியே உறைஞ்சு நிக்குது. மூதூர்ச் சனம் வந்து நிக்குது, கெதியா வாங்கோ."

திருகோணமலை நகரில் வலை, கயிறு, அவுட்போர்ட் இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் கடை. கடலுக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலைதான் நேரம் என்பதால் கடையும் வெள்ளெனத் திறக்கும். உவர்மலையிலிருந்து மழைக்கோட்டுடன் மோட்டார் சைக்கிளில் இறங்கினேன். வழியில் இரண்டு மான்கள் பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றன. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை.

அந்தக் கடையின் சேர்வரை ஒன்றரை வருடத்துக்கு முன் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். கீழே வருவதில் ஒரு பிழை என்னுடையது. அதை மறைத்துவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

என்ன இருந்தது

ஒரே ஒரு சேர்வர். 960 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, ரெய்ட் கார்டில் ஒன்றுக்கொன்று பிரதியாக. மேலே ப்ரொக்ஸ்மொக்ஸ், ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள். 960 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் 1024 கணக்கில் இயந்திரம் காண்பது 894 ஜிபி. நிறுவும்போது அது டிஸ்க்கை மூன்று பார்ட்டிஷனாகப் பிரிக்கும். பூட் ஆவதற்கு ஒரு துளி, இஎஃப்ஐக்கு 1 ஜிபி, மிச்சம் முழுவதும் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம்மின் கையில். அந்த மிச்சத்தில் விஎம்களைத் தாங்கும் ஹோஸ்டின் சொந்த ஃபைல்களுக்கு (ரூட்) 96, நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வொப்புக்கு 8 போனது. 16 ஜிபியை யாருக்கும் கொடுக்காமல் வொலியூம் குரூப் என்ற எல்விஎம்மின் பொதுக் குவியலில் சும்மா விட்டது. தின் பூலின் கணக்குக் கொப்பியான மெட்டாடேட்டாவுக்கும் அதன் மாற்றுப் பிரதிக்கும் ஏறத்தாழ எட்டெட்டு. எல்லாம் கழிய விஎம்களுக்கு என்று நின்ற தின் பூல் 757 ஜிபி.

அந்தச் சும்மா விட்ட 16 ஜிபியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்விஎம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பார்ட்டிஷன் என்பது காணிக்குப் போட்ட மதில். எல்லையை மாற்ற வேண்டுமானால் இடித்துத்தான் கட்ட வேண்டும், பக்கத்துக் காணியில் ஆள் இருந்தால் அதுவும் முடியாது. எல்விஎம் காணி முழுவதையும் 4 எம்பி துண்டுகளாக வெட்டி ஒரு குவியலாக வைத்திருக்கும். லொஜிக்கல் வொலியூம், அதாவது ஒரு பங்கு, கேட்டால் குவியலிலிருந்து எண்ணிக் கொடுக்கும். துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸில் 1998 முதல் இருக்கிற ஏற்பாடு இது.

தின் பூல் 2012இல் வந்த 3.2 லினக்ஸ் கேர்னலோடு (இயங்குதளத்தின் மையம்) சேர்ந்த பிந்திய சங்கதி. இதில் எண்ணிக்கூடக் கொடுப்பதில்லை, "உனக்கு 400 ஜிபி" என்று வாய்வார்த்தைதான். விஎம் உண்மையில் எழுதும்போதே துண்டு கைமாறும். கல்யாண வீட்டில் கார்ட் கொடுப்பது மாதிரி. மண்டபத்தில் 757 கதிரை. 1,250 பேருக்குக் கார்ட் கொடுக்கலாம், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து குந்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

நான் அமைத்தபோது அந்த நம்பிக்கையே தேவைப்படவில்லை. பில் போடும் லினக்ஸ் விஎம்முக்கு 100, கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் விஎம்முக்கு 250, ஃபைல் சேர்வருக்கு 400. மொத்தம் 750. எல்லாரும் வந்தாலும் ஏழு கதிரை மிஞ்சும்.

ஐப்பசியில் முதலாளியின் மருமகன் கமரா போட்டான். அக்காவின் மகன், ஐடி படிக்கிற பொடியன், நல்ல கெட்டிக்காரன். ஆறு கமரா, பதிவுக்கு ஒரு புது விஎம், அதற்கு 500 ஜிபி டிஸ்க். அவன் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தான். அசைவு தெரிந்தால் மட்டும் பதிகிற ஏற்பாடு, நாளுக்குப் பத்து ஜிபி அளவு, 30 நாள் வைத்திருந்தால் 300. ஐந்நூறு தாராளம். கணக்கில் பிழையில்லை, வெயில் காலமாக இருந்தால்.

அந்த டிஸ்க்கை உருவாக்கியபோது எல்விஎம் எச்சரித்திருக்கிறது. கொடுத்த வொலியூம்களின் மொத்தம் பூலைவிடப் பெரிது, தானாக நீட்டும் பாதுகாப்பும் போடப்படவில்லை என்று இரண்டு வரி. ஆனால் வேலைப் பதிவின் கடைசி வரியில் ஓகே என்று வந்தது. ஓகே வந்த பிறகு மேலே போய் வாசிக்கிறவர் யார்? நானும் வாசிப்பதில்லை.

அன்று காலை

நான்கு விஎம்களில் மூன்று நின்றுபோயிருந்தன. ப்ரொக்ஸ்மொக்ஸ் பக்கத்தில் மூன்றின் மேலும் மஞ்சள் முக்கோணம், நிலை ஐஓ எரர். ஃபைல் சேர்வர் மட்டும் ஓடுகிற மாதிரி இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அதன் ஃபைல் சிஸ்டம் வாசிக்க மட்டும் என்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி மேசையோடு நின்றார். "ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டா என்ன தம்பி?"

"தொடாதேங்கோ அண்ணை."

இதில் நான் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இடம் இல்லை என்ற பதில் டிஸ்க்கிலிருந்து வந்தால் விஎம்களை ஓட்டும் க்யூஎம்யூ அந்த விஎம்மை இடைநிறுத்தி வைக்கும். எழுத முடியாமல் போன எழுத்துகள் தூக்கி எறியப்படாமல் அப்படியே காத்திருக்கும். இடம் கிடைத்து மீண்டும் ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து அதே எழுத்தைத் திரும்ப எழுதும். மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் காத்திருந்த எழுத்து போய்விடும். பில் தரவுத்தளத்தின் கடைசி எழுத்து அதற்குள் இருந்தால் பிறகு நாள் முழுக்க அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்படி நின்ற விஎம்மைப் பார்த்தவுடன் ரீசெட் பொத்தானுக்குக் கை போவது வழமை. அதுதான் இந்த நிலையில் செய்யக்கூடிய மோசமான வேலை.

ஹோஸ்டில் வொலியூம்களின் நிலையைக் காட்டும் எல்விஎஸ் கட்டளையை அடித்தேன். டேட்டா 100.00 வீதம், மெட்டா 31 வீதம். இரண்டாவது எண்ணைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. டேட்டா நிரம்பினால் வேலை நிற்கும். எந்தத் துண்டு யாருடையது என்ற கணக்குக் கொப்பி மெட்டாடேட்டாவில் இருக்கிறது. கொப்பி நிரம்பிப் பழுதானால் பூலையே நிறுத்தி, திருத்தும் கட்டளை கொடுத்து, வருவது வரட்டும் என்று இருக்க வேண்டியதுதான்.

கேர்னல் பதிவில் நேரம் இருந்தது. அதிகாலை மூன்றரைக்குப் பூல் இடமில்லாத நிலைக்குப் போயிருக்கிறது. அப்படிப் போனால் எழுத வருகிறவர்களை 60 விநாடி காக்க வைத்துப் பார்க்கும். யாரும் இடம் சேர்க்காவிட்டால் பிழையைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். மூன்றரைக்கு அந்த ஒரு நிமிடத்தில் இடம் சேர்க்க எங்கள் கடையில் யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் மருமகன் வந்தான், முகம் வாடி. "அண்ணா, நேற்றுப் பின்னேரம் இது 97 எண்டு சிவப்பாக் காட்டினது. நான் பழைய வீடியோ 118 ஜிபி அழிச்சிட்டன். விஎம்முக்குள்ள பாத்தா பாதிக்கு மேல காலி. பிறகும் ஏன் அண்ணா?"

அவனுடைய கேள்விதான் இந்த நிகழ்வின் மையம்.

லேஞ்சி போட்ட கதிரைகள்

மட்டக்களப்பு பஸ்ஸில் யன்னலால் லேஞ்சியை (கைக்குட்டையை) போட்டு சீட் பிடிக்கிற பழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆள் இறங்கிப் போன பிறகும் லேஞ்சி கிடந்தால் அந்த சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். விஎம்முக்குள் ஃபைலை அழிப்பதும் இதுதான். ஃபைல் சிஸ்டம் தன் கொப்பியில் "இந்த இடம் காலி" என்று எழுதிக்கொள்ளும். கீழே இருக்கிற தின் பூலுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. பூலைப் பொறுத்தவரை லேஞ்சி இன்னும் கிடக்கிறது.

அதை எடுப்பதற்குத்தான் டிஸ்கார்ட், காலியான இடத்தைக் கீழே சொல்லும் வழி. விஎம்மின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் என்ற பெட்டியில் சரி போட்டிருக்க வேண்டும். அப்புறம் உள்ளே எஃப்எஸ்ட்ரிம் என்ற கட்டளை ஓடி, காலி இடங்களைச் சொல்ல வேண்டும். ப்ரொக்ஸ்மொக்ஸில் அந்தப் பெட்டி இயல்பில் வெறுமையாகவே இருக்கும். கமரா விஎம்மில் மட்டுமல்ல, நான் செய்த மூன்றிலும் வெறுமை. அப்போது பூலைவிட விஎம்களுக்குக் கொடுத்த வாக்குச் சிறிது என்பதால் அலட்டிக்கொள்ளவில்லை.

இன்னொரு வேதனை: அழித்தது நிலைமையைக் காப்பாற்றவில்லை, புதிய பதிவு அழித்த இடத்திலேயே எழுதப்படும் என்ற உத்தரவாதமும் இல்லை. விஎம்முக்குள் இருக்கும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் வசதிக்கு இதுவரை தொடாத பக்கத்தில் எழுதினால் பூலிலிருந்து புதுத் துண்டு போகும். அன்று இரவு அதுதான் நடந்தது. பதினொரு மணிபோல மழை பிடித்தது. கடைக்குப் பின்னால் வலைகளுக்கு மேலே கட்டிய தறப்பாள் வாடைக்காற்றில் அடிக்க, நாலாம் கமராவுக்கு அது விடாத அசைவு. மற்றக் கமராக்களுக்கு விளக்கடியில் மழைத்தாரையே அசைவு. ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஆறுக்கும் மணிக்கு 5.4 ஜிபி. பூலில் மீதி இருந்தது 23 ஜிபி. நாலரை மணித்தியாலத்தில் முடிந்தது. வெயில் காலக் கணக்கு வாடைக்கு ஒத்துவராது என்று கடலுக்குப் போகிற எவரும் சொல்லியிருப்பார்கள்.

இப்போது என் பிழை. யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்த்தேன். கமரா 340, ஃபைல் சேர்வர் 230, பில் 26, விண்டோஸ் 90. கூட்டினால் 686. பூலோ 757. எழுபத்தொன்று எங்கே?

புரட்டாதியில் கணக்கு மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றுமுன் நான் எடுத்த ஸ்னாப்ஷொட், அந்த நேரத்து டிஸ்க் நிலையின் பிரதி. புதுப்பித்தல் நன்றாக முடிந்தது, தேநீர் குடித்தேன், போய்விட்டேன். அழிக்க மறந்தே போனேன். தின் ஸ்னாப்ஷொட் எடுக்கும்போது ஒரு துளி இடமும் பிடிக்காது, அதுதான் ஆபத்து. எடுத்த நேரத்துப் பழைய துண்டுகளை அது பிடித்துவைக்கும். மூலம் மாற மாற இரண்டும் விலகிப் போகும். இந்தக் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு இரவும் தன் பெரிய தரவு ஃபைலைத் திரும்ப எழுதுகிற சாதி. மூன்று மாதத்தில் 71 ஜிபி பழைய சங்கதியைக் கட்டிக்கொண்டு இருந்தது. பழைய பாணி எல்விஎம் ஸ்னாப்ஷொட்டாக இருந்தால் அதற்கென்று ஒதுக்கிய இடம் நிரம்பியதும் அது மட்டும் செல்லாமல் போயிருக்கும். தின் ஸ்னாப்ஷொட்டுக்கு அப்படி எல்லை இல்லை, நிரப்பினால் எல்லாருடைய பூலையும் நிரப்பும்.

பொடியனிடம் அப்போதே சொன்னேன், இதில் 71 என்னுடையது என்று. அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மீட்டது

முதலில் மூச்சுவிட இடம். நிறுவியபோது சும்மா விட்ட 16 ஜிபியில் 12ஐ எல்விஎக்ஸ்டெண்ட் கொடுத்துப் பூலோடு சேர்த்தேன். நாலை வைத்துக்கொண்டேன், மெட்டாடேட்டாவை நீட்ட வேண்டி வந்தால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. பூல் 769 ஆனது, பயன்பாடு 98.4 வீதம். பில் விஎம்மை ஓடவிட்டேன். ஐந்து விநாடியில் திரை அசைந்தது, நின்ற பில் அச்சிட்டு வந்தது. அப்போது நேரம் ஏழு இருபது. கமரா விஎம்மை வேண்டுமென்றே நிறுத்தியபடியே விட்டேன், ஓடவிட்டால் அந்தப் பன்னிரண்டையும் மத்தியானத்துக்குள் தின்றுவிடும்.

அடுத்து ஸ்னாப்ஷொட்டை அழித்தேன். 98.4 சில விநாடிகளில் 89.2 ஆனது. அதன்பின் விண்டோஸ்.

ஃபைல் சேர்வருக்குக் கொஞ்சம் வேலை இருந்தது. பிழை அதன் உள்ளேயே போய்விட்டதால் நிறுத்தி, மீட்பு முறையில் ஏற்றி, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் ஈ2எஃப்எஸ்சிகே ஓடவிட்டேன். எழுதவிருந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜேர்னலைத் திரும்ப ஓட்டிச் சில சிறு திருத்தம் செய்தது. இழப்பு இல்லை.

டிஸ்கார்ட் வேலையை இரவு கடை பூட்டிய பிறகு வைத்துக்கொண்டோம். பெட்டியில் சரி போட்டபின் விஎம்முக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் அது பிடிக்காது. முழுதாக நிறுத்தி வெளியிலிருந்து திரும்ப இயக்க வேண்டும், அப்போதுதான் புது அமைப்போடு க்யூஎம்யூ எழும்பும். பொடியனை உட்கார்த்தி அவனையே எஃப்எஸ்ட்ரிம் அடிக்கச் சொன்னேன். கமரா விஎம்மில் அவன் அழித்த அதே 118 ஜிபி திரும்பி வந்தது. ஃபைல் சேர்வரில் 134, ஒன்றரை வருடமாக ஆட்கள் அழித்த ஃபைல்களின் லேஞ்சிகள். விண்டோஸில் டிஸ்க்கை ஒப்டிமைஸ் பண்ணும் கருவியே இந்த வேலையைச் செய்யும், 47 வந்தது. பயன்பாடு 387 ஜிபி, 50.3 வீதம். "அண்ணா, பாதி!" என்று கத்தினான்.

பிறகு செய்தவை

கமராப் பதிவு எஸ்எஸ்டியில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. 4 டிபி சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையில் 2 டிபிக்கு மேல் முகவரி போடமுடியாது என்பதால் புதிய ஜிபிடி முறை. பார்ட்டிஷனே போடாமல் முழு டிஸ்க்கையும் எல்விஎம்முக்குக் கொடுக்கலாம், வேலை செய்யும். நான் அப்படிச் செய்வதில்லை. நாளைக்கு யாரோ ஒருவர் இந்த டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகுவார். வெறும் டிஸ்க் என்று நினைத்து, தயார்படுத்தவா என்று அது கேட்கும், அவரும் ஓம் என்பார். ஒரு பார்ட்டிஷன் இருந்தால் குறைந்தது ஏதோ இருக்கிறது என்றாவது தெரியும்.

அந்த டிஸ்க் தனி வொலியூம் குரூப். அதில் தின் இல்லை, 3,000 ஜிபிக்கு முழுதாக எண்ணிக் கொடுத்த வொலியூம். மிச்சம் எழுநூறு சொச்சத்தைக் கொடுக்காமல் வைத்தோம். கமரா நிரம்பினால் கமரா மட்டும் நிற்கும், பில் நிற்காது. ஈஎக்ஸ்டி4 இயல்பாக ரூட் பயனருக்கென்று 5 வீதத்தை ஒதுக்கும். 3,000இல் அது 150 ஜிபி. பதிவு டிஸ்க்குக்கு அது வீண் என்பதால் பூச்சியமாக்கினேன்.

கமரா வெளியேறியபின் எஸ்எஸ்டி பூலில் வாக்கு மறுபடி 750. கதிரை 769.

இந்த உற்சாகத்தில் பொடியன் பில் விஎம்மின் டிஸ்க்கை 150 ஆக்குவோமா என்று கேட்டான், உள்ளே ரூட் பாதிக்கு மேல் நிரம்பியிருந்ததாம். உள்ளே வொலியூம் குரூப்பின் நிலையைக் காட்டும் விஜிஎஸ் அடித்துக் காட்டினேன். உபுண்டு சேர்வரை எல்விஎம்மோடு நிறுவினால் இந்த அளவு டிஸ்க்கில் பாதியைத்தான் ரூட்டுக்குக் கொடுக்கும். மற்ற 49 ஜிபி குரூப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. இருபது ஜிபி எடுத்து நீட்டினோம், ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்து நீட்டும் தெரிவோடு, ஒரே கட்டளை. உண்மையிலேயே வெளியிலிருந்து டிஸ்க்கைப் பெருப்பிக்க வேண்டி வந்திருந்தால் ஐந்து படி ஏற வேண்டும்: விஎம்மின் டிஸ்க், உள்ளே பார்ட்டிஷன், ஃபிசிக்கல் வொலியூம், லொஜிக்கல் வொலியூம், ஃபைல் சிஸ்டம். ஒரு படியை விட்டாலும் மேலே ஒன்றும் தெரியாது. குறைப்பது அதே படிகளில் தலைகீழாக, அங்கே வரிசை பிழைத்தால் தரவு போகும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் குறைக்கவே விடாது. அதனால் நான் யாருக்கும் முதலில் சிறிதாகக் கொடுத்து, பிறகு வளர்க்கச் சொல்வேன்.

பூல் தானாக நீளும் அமைப்பைப் போடவில்லை. நீட்டுவதற்கு வொலியூம் குரூப்பில் வெற்றிடம் வேண்டும், எங்களிடம் இருப்பது நாலு ஜிபி. அதற்குப் பதிலாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டா, மெட்டா இரண்டையும் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட். 75 தாண்டினால் எனக்கும் பொடியனுக்கும் மின்னஞ்சல். 85 தாண்டினால் முதலாளிக்கும். ஸ்னாப்ஷொட்டின் பெயரிலேயே அழிக்க வேண்டிய திகதியை எழுதுவது என்று எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். ஏழு நாளுக்கு மேல் கிடக்கும் ஸ்னாப்ஷொட்டையும் அதே ஸ்கிரிப்ட் காட்டிக்கொடுக்கும். எஃப்எஸ்ட்ரிம் லினக்ஸ் விஎம்களில் கிழமைக்கு ஒருமுறை ஓடுகிறது.

சேர்வர் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பொடியன் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். நாலு விஎம், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வாக்கு, அடியில் கதிரை 769 என்று சிவப்பு மையில். "ஐஓ எரர் கண்டால் ஓஃப் செய்ய வேண்டாம், அண்ணாவுக்கு அடிக்கவும்" என்று முதலாளிக்காகப் பெரிய எழுத்தில்.

தை பிறந்தும் வாடை ஓயவில்லை. பூல் 22 வீதத்தில் நிற்கிறது. தறப்பாளை இறுக்கிக் கட்டச் சொல்லி மூன்று தரம் சொல்லியாயிற்று. இன்னும் கட்டவில்லை. நாலாம் கமரா இரவு முழுக்க அதையே படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.